விரல் நுனிக்கு எழுத்தளித்த லூயி பிரெய்லி

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு பணிக்கப்பெற்றபோது, மன்னர்களையும் படைத்தலைவர்களையும் விடுத்து, ஒரு தோல் தொழிலாளியின் மகனை நாம் தேர்ந்தோம். ஒரு கூட்டத்தாருக்கு எழுத்து எட்டாப் பொருளாய் இருந்த காலத்தில், அவர்களுள் ஒருவனாகிய பதினைந்து வயதுச் சிறுவன் அவர்களுக்கென ஓர் எழுத்தை ஆக்கினான். எழுத்தின் அருமையை நம் பாட்டன்மார் அது கிட்டாமையால் அறிந்தவர்கள். ஆதலின், வேற்று நாட்டு வரலாறேயாயினும் இது நம் இளைஞர்க்கு அயலாய்த் தோன்றாது எனக் கருதுகிறோம்.

பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கூப்வ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1809-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் லூயி பிரெய்லி பிறந்தான். மக்கள் நால்வருள் அவனே கடைக்குட்டி. தந்தை சீமோன் ரெனே குதிரைச் சேணங்களும் வார்களும் தைப்பவர். அந்நாட்டில் தோல் தொழில் இழிதொழிலாக எண்ணப்படவில்லை. அக்குடும்பம் ஊரார் மதிக்க வாழ்ந்தது. இதனை நம் இளைஞர்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

லூயிக்கு மூன்று வயதானபோது ஒருநாள், தந்தையின் பட்டறையில் கூரிய கருவியொன்றை எடுத்துத் தோலில் குத்த முயன்றான். அது குத்தூசி என்பர். கருவி வழுக்கி ஒரு கண்ணில் பாய்ந்தது. அக்காலத்து மருத்துவம் அந்தப் புண்ணை ஆற்ற வல்லதாயில்லை. நோய் மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரு கண்களும் முற்றிலும் ஒளியிழந்தன.

அந்நாளில் ஐரோப்பாவில் ஏழைக் குடும்பத்துப் பார்வையற்றவருக்குப் பெரும்பாலும் தெருவில் கையேந்துவதே வாழ்வாய் இருந்தது. லூயியின் பெற்றோர் அதற்கு இசையவில்லை. ஊர்ப் பங்குத் தந்தை சிறுவனுக்குப் பாடம் சொன்னார். தந்தை மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவாய் அறைந்து, மகனைத் தடவி அறியச் செய்தார் என்றும் கூறுவர். ஊர்ப் பள்ளி ஆசிரியராகிய பெஷெரே, கண்ணுள்ள பிள்ளைகளோடு அவனையும் வகுப்பில் உட்கார வைத்தார். காதால் கேட்டே அவன் முன்னணி மாணவன் ஆனான்.

இவ்விடத்தில் நம்மைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குக் கூலி வேலை செய்யும் ஒருவர் கண் தெரியாத தம் மகளைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். வகுப்பில் ஓர் ஓரமாக உட்கார்ந்தால் போதும் என்று கேட்டார். இவளுக்குக் கற்பிக்க நாம் அறியோம், நகரத்தில் இதற்கெனத் தனிப் பள்ளி உண்டு, அங்கே சேருங்கள் என்று இதமாகவே சொல்லி அனுப்பிவிட்டோம். அந்த நகரத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். மறு ஆண்டும் அச்சிறுமி வீட்டுத் திண்ணையில் தனியே அமர்ந்திருக்கக் கண்டோம். பட்டமும் பயிற்சியும் பெற்ற நாம் செய்யாததை, அந்தக் கூப்வ்ரே ஆசிரியர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே செய்தார்.

1819-ஆம் ஆண்டில், பத்து வயதில், லூயி பாரிசிலிருந்த பார்வையற்ற இளைஞர்க்கான அரச பள்ளியில் சேர்க்கப்பட்டான். அப்பள்ளியை நிறுவியவர் வலந்தின் ஹாய் என்னும் அறிஞர். 1771-இல் பாரிசுச் சந்தையொன்றில் பார்வையற்றோர் சிலருக்குக் கோமாளி உடையும் அட்டைக் கண்ணாடியும் அணிவித்து, இசைக்கருவிகளைக் கையில் தந்து, கூடி நின்றோர் நகைக்குமாறு செய்த காட்சியை அவர் கண்டார். அது அவர் நெஞ்சைச் சுட்டது. பின்னர்க் கோயில் வாயிலில் பிச்சையெடுத்த பார்வையற்ற இளைஞன் ஒருவனுக்குக் கற்பிக்கத் தொடங்கி, 1785-இல் பள்ளியையும் நிறுவினார். தடித்த தாளில் உரோம எழுத்துகளை மேடாக அழுத்தி, விரலால் தடவிப் படிக்கச் செய்தது அவர் முறை.

நன்முயற்சியே எனினும் அதில் பெருங்குறை இருந்தது. எழுத்துகள் பெரியவை, நூல்கள் தூக்கவொண்ணாக் கனமுடையவை, பள்ளியில் இருந்தவையோ மிகச் சில. ஓரெழுத்தை விரலால் வளைந்து வளைந்து தடவி முடிப்பதற்குள் முன்னெழுத்து மறந்துபோகும். அதனினும் பெருங்குறை, மாணவர் அவ்வாறு எழுத இயலாமையே. பிறர் அச்சிட்டுத் தந்ததைத் தடவலாம். தம் கருத்தைத் தாமே எழுதி வைத்துத் திரும்பப் படித்தல் இயலாது.

1821-இல் சார்லஸ் பார்பியே என்னும் முன்னாள் படை அதிகாரி, தாளில் மேடான புள்ளிகளைக் குத்தி எழுதும் முறையொன்றைப் பள்ளிக்குக் கொணர்ந்தார். கோடுகளைவிடப் புள்ளிகளை விரல் விரைந்து உணர்கிறது என்பதை லூயி உடனே கண்டுகொண்டான். ஆயினும் பார்பியேயின் முறை ஒலிகளை மட்டும் குறித்தது. எழுத்துக்கூட்டலும் நிறுத்தற்குறிகளும் அதில் இல்லை. ஒரு குறிக்குப் பன்னிரு புள்ளிகள் வரை தேவைப்பட்டமையால் அது விரல் நுனிக்குள் அடங்கவுமில்லை. சிறுவன் திருத்தங்கள் கூறினான், பார்பியே ஏற்கவில்லை என்றும் கூறுவர். பார்வையற்றோர்க்கு எழுத்துக்கூட்டலும் இலக்கணமும் எதற்கு என்னும் நினைப்பு அக்காலத்தில் பலரிடமும் இருந்தது. ஒரு சாராருக்கு இவ்வளவு கல்வி போதும் என்று வேறொரு சாரார் அளந்து தருவது நாம் அறியாத செய்தியன்று.

லூயி தானே முனைந்தான். பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதுகளிலும் விடுமுறையில் ஊர் சென்றபோதும் குத்திக் குத்திப் பார்த்தான். 1824-இல் முறை உருப்பெற்றது. மேலிருந்து கீழாக மூன்று புள்ளிகள். அத்தகைய வரிசை இரண்டு. ஆக ஆறே புள்ளிகள். விரலை நகர்த்தாமல் ஒரே தொடுகையில் முழுக் குறியையும் உணரலாம். ஆறு புள்ளிகளுள் எவை மேடாக நிற்கின்றன என்பதைக் கொண்டு 63 வடிவங்கள் கிடைக்கின்றன. முதற் பத்து எழுத்துகளை மேல் நான்கு புள்ளிகளால் அமைத்தான். அவற்றோடு கீழ்ப்புள்ளி ஒன்றைச் சேர்த்து அடுத்த பத்தை ஆக்கினான். ஆதலால் கற்பதும் எளிதாயிற்று. எழுதுவதற்குத் துளைச் சட்டம் பொருத்திய பலகையும் எழுத்தாணியும் போதும். வலமிருந்து இடமாகக் குத்தித் தாளைத் திருப்பினால், இடமிருந்து வலமாகப் படிக்கலாம்.

1829-இல் இம்முறையை விளக்கும் நூல் வெளிவந்தது. சொற்களோடு இசைக் குறிகளையும் எழுத அது வழிகாட்டியது. அந்நூலில் தமக்கு முன்னோடியாகிய பார்பியேயின் கடனை அவர் மறவாமல் குறித்திருப்பது அவர் பண்புக்குச் சான்று. 1833-இல் அதே பள்ளியில் முழு ஆசிரியரானார். பாரிசு மாதா கோயிலொன்றில் ஆர்கன் வாசிக்கும் பணியும் ஏற்றார். ஏழை மாணவர்க்குக் கடன் தந்து, அக்கடன் சீட்டுகளைத் தம் இறப்புக்குப் பின் எரித்துவிடுமாறு ஏற்பாடு செய்திருந்தார் என்றும் கூறுவர்.

அவர் எழுத்துக்கு எதிர்ப்பு வந்தது அவர் பள்ளிக்குள்ளேயே என்பதுதான் வியப்பு. அவரை ஊக்குவித்த தலைவர் பின்யே 1840-இல் பதவியிழந்தார். அடுத்து வந்த துஃபோ புள்ளி எழுத்தை விலக்கி, மேடான உரோம எழுத்தையே மீண்டும் புகுத்தினார். தனி எழுத்து பார்வையற்றோரைச் சமுதாயத்தினின்று பிரித்துவிடும் என்பது அக்கட்சியார் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் கண்ணுள்ளவர் எழுத்து கண்ணுக்காக அமைந்தது. அதனையே பற்றி நிற்கச் சொன்னால், ஒற்றுமையின் பெயரால் ஒருவனை எழுதத் தெரியாதவனாக வைத்திருப்பதே அதன் பயன். கண்ணுள்ள ஆசிரியர்கள் புதிதாய் ஒன்றைக் கற்க விரும்பாமையும் இதற்குள் மறைந்திருந்தது என்பதே நம் எண்ணம். மாணவர்களோ விடவில்லை, மறைவாக எழுதினார்கள், ஒருவர்க்கொருவர் கற்பித்தார்கள்.

பிரிவினை பிரெய்லியின் நோக்கமன்று என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. பார்வையுள்ளோரும் படிக்கத்தக்க வகையில், உரோம எழுத்தின் உருவத்தையே புள்ளிகளால் வரையும் முறையொன்றை அவர் 1839-இல் வெளியிட்டார். ஃபூக்கோ என்னும் பார்வையற்ற நண்பர் அதற்கென ஓர் எழுதும் பொறியைச் செய்தார். பார்வையற்ற பிள்ளை தன் தாய்க்குத் தானே கடிதம் எழுத வழி பிறந்தது. தமக்குள் படிக்க ஓர் எழுத்து, ஊரோடு உரையாட மற்றோர் எழுத்து என்று இரண்டையும் அவர் ஆக்கினார்.

துணைத் தலைவர் குவாதேயின் முயற்சியால் துஃபோ மனம் மாறினார். 1844-இல் பள்ளியின் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் அவையோர் முன்னிலையில் புள்ளி எழுத்து விளக்கிக் காட்டப்பட்டது. ஆனால் அதற்குள் காசநோய் பிரெய்லியின் நுரையீரலை அரித்திருந்தது. 1852 சனவரி 6-ஆம் நாள், 43 வயது நிரம்பிய இரண்டாம் நாள், அவர் மறைந்தார். அவர் பணியாற்றிய பள்ளி அவர் எழுத்தை முறைப்படி ஏற்றது 1854-இல். பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடு அதனை ஏற்றது 1878-இல். மறைந்து நூறாண்டு நிறைந்த 1952-இல் பிரான்சு அவர் உடலைப் பெருமக்கள் துயிலும் பாந்தியனுக்குக் கொண்டு சென்றது. கைகளை மட்டும் கூப்வ்ரே தன்னிடமே வைத்துக்கொண்டது.

நம் நாட்டு மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்லி 1951-இல் வகுக்கப்பட்டது. அதில் அகரத்துக்கு ஒரே புள்ளி. பிரெய்லி தம் மொழியின் முதலெழுத்துக்கு வைத்த அதே புள்ளி. அரசுப் பள்ளிகளும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் இக்குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என 2016-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. நாம் இப்போது தலைமையாசிரியராய் உள்ள பள்ளியில் ஒரு சிறுவன் முதல் வரிசையில் அமர்ந்து எழுத்தாணியால் குத்தி எழுதுகிறான். தொடக்கத்தில் அவ்வோசை இடையூறாக இருக்கிறதென்று மற்றப் பிள்ளைகள் முறையிட்டனர், இப்போது முறையிடுவதில்லை. அவன் எழுதியதைத் திருத்துவதற்காக நாமும் அந்த 63 வடிவங்களைக் கற்று வருகிறோம். ஐம்பதைக் கடந்த விரலுக்கு அது மெல்லத்தான் வருகிறது.