கைவிரல் அடையாளச் சட்டத்தை எதிர்த்த தம்பி நாயுடு

அபுதாபி நகருக்கு அண்மையிலுள்ள முசஃபா தொழிற்பேட்டையில் விடியுமுன்னரே பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். தொழிலாளர் விடுதிகளிலிருந்து வந்திறங்கும் தமிழர், மலையாளிகள், வங்காளிகள், நேபாளியர் யாவரும் வாயிற்சுவரிற் பதித்த சிறு கருவியில் விரலை வைத்த பின்னரே உள்ளே செல்வர். அக்கருவிகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் இக்கட்டுரையாளர் ஆறு ஆண்டுகள் செய்த தொழிலாகும். சீமெந்தில் வேலை செய்து ரேகை தேய்ந்த விரலைக் கருவி அடையாளங் காணாது. அன்று அத்தொழிலாளி வேலைக்கு வராதவராகக் கணக்கிடப்பட்டுச் சம்பளத்தை இழப்பார். குறை கருவியிலேயே உள்ளதென நான் எழுதிக்கொடுத்த குறிப்புகளை எவரும் பொருட்படுத்தவில்லை. இவ்விரற்பதிவுகள் யாரிடம் சேர்கின்றன, எத்தனை காலம் வைத்திருக்கப்படும் என்று வினவியபோது, அது என் வேலையன்று என்று சொல்லி அனுப்பிவிட்டனர். பின்னாளில் புகலிடம் தேடி ஐரோப்பாவில் வந்திறங்கியபோது, அங்கும் முதலிற் கேட்கப்பட்டவை என் பத்து விரல்களே.

இவ்வினாவை நூறாண்டுகளுக்கு முன்னரே ஒரு நாட்டின் அரசை நோக்கித் துணிந்து எழுப்பியோர் தென்னாபிரிக்கத் தமிழர். அவர்களுக்கு முன்னணியில் நின்றவர் தம்பி நாயுடு. காந்தியடிகளின் பெயரை அறிந்த அளவுக்கு இப்பெரியாரின் பெயரை நம் இளந்தலைமுறையினர் அறியார்.

தம்பி நாயுடு 1875இல் மொரீசியஸ் தீவிற் பிறந்தார். சென்னை மாகாணத்திலிருந்து அத்தீவிற் குடியேறியோர் அவருடைய பெற்றோர். இளம்பராயத்திலேயே தென்னாபிரிக்கா சென்ற அவர், டிரான்ஸ்வாலின் பொன்வயல் நகரான ஜோகான்னஸ்பேர்க்கில் வணிகராக நிலைபெற்றார். பள்ளிக்கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம், மொரீசியசின் கிரியோல் ஆகிய மொழிகளைப் பேசுவார். எவ்வேலைக்கும் அஞ்சாதவர், வீதியில் மூட்டை சுமக்கவும் கூட்டத்திற்குத் தலைமை தாங்கவும் ஒருங்கே ஆயத்தமாயிருந்தவர். முன்கோபம் ஒன்றே அவருடைய குறை. அக்குறை இல்லாதிருப்பின் அவர் டிரான்ஸ்வால் இந்தியரின் தலைமையை எளிதில் ஏற்றிருப்பார் என்பது காந்தியடிகளின் கணிப்பாகும். அத்தகைய ஒருவர் அறவழிப் போரில் அடியுண்டும் பொறுத்திருந்தார் என்பதே அவர் வரலாற்றின் தனிச்சிறப்பு.

கைவிரல் அடையாளக் கலை தென்னாபிரிக்காவுக்கு வந்த வழியும் அறியத்தக்கது. அது இந்திய மண்ணிலேயே முறைப்படுத்தப்பட்டது. 1897இல் கல்கத்தாவில் உலகின் முதலாவது கைவிரல் அடையாளப் பணியகம் நிறுவப்பட்டது. அடையாளங்களை வகைபிரித்து அடுக்கும் முறையை ஆக்குவதில் அசீசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் இந்தியப் பொலிஸ் அலுவலர் இருவர் பெரும்பங்கு வகித்தனர். எனினும் அம்முறை அவர்களின் மேலதிகாரியான எட்வேட் ஹென்றியின் பெயராலேயே வழங்கலாயிற்று. அந்த ஹென்றி 1900இல் ஜோகான்னஸ்பேர்க், பிரிட்டோரியா நகர்களின் பொலிஸ் படையை ஒழுங்கமைக்க அனுப்பப்பட்டார். 1904 முதல் பொற்சுரங்க நிறுவனங்களுக்கென ஒப்பந்தத்தில் இறக்கப்பட்ட சீனத் தொழிலாளரிடம் இம்முறை கையாளப்பட்டது. மலிவான உழைப்பு முதலாளிமாருக்கு வேண்டியிருந்தது. உழைப்போர் தப்பியோடாதிருக்கும் காவல் அரசின் பொறுப்பாயிற்று.

அடுத்த முறை இந்தியருடையது. 1906 ஓகஸ்ட் 22ஆம் திகதி டிரான்ஸ்வால் அரசு ஒரு சட்டவரைவை வெளியிட்டது. எட்டு வயதைக் கடந்த ஒவ்வோர் இந்தியரும் பத்து விரல்களின் அடையாளத்தையும் கொடுத்துப் பதிவுப் பத்திரம் பெறவேண்டும். பொலிஸார் கேட்கும் இடத்திலெல்லாம் அதனைக் காட்டவேண்டும். பத்திரத்தைப் பார்வையிட வீட்டினுள் நுழையவும் பொலிஸாருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. மறுப்போருக்கு அபராதம், சிறை, நாடுகடத்தல். குற்றவாளிகளுக்கென வகுத்த முறையை ஒரு சமூகம் முழுவதன்மீதும் சுமத்துவதாக மக்கள் கொதித்தெழுந்தனர். 1906 செப்டம்பர் 11ஆம் திகதி எம்பயர் அரங்கில் ஏறத்தாழ 3,000 பேர் திரண்டு அச்சட்டத்திற்குப் பணிவதில்லை என உறுதிபூண்டனர். இலண்டன் முதலில் இணங்க மறுத்தபோதும், டிரான்ஸ்வால் தன்னாட்சி பெற்றவுடன் அது 1907இல் சட்டமாயிற்று. மக்கள் அதற்கு இட்ட பெயர் கறுப்புச் சட்டம்.

பதிவு அலுவலகங்கள் திறக்கப்பட்டதும் தம்பி நாயுடுவின் பணி தொடங்கியது. ஜோகான்னஸ்பேர்க்கில் மறியல் தொண்டர்களை அவர் வழிநடத்தினார். பதிவு செய்ய வருவோரைப் பணிவுடன் தடுத்துச் சட்டத்தின் பொருளை விளக்குவதும், மீறிச் செல்வோர்மீது கை வையாதிருப்பதும் தொண்டர்களுக்கு விதிக்கப்பட்ட நெறி. 1907 நவம்பர் இறுதியில் தவணை முடிந்தபோது, ஏறத்தாழ 13,000 இந்தியருள் 511 பேர் மட்டுமே பதிவு செய்திருந்தனர்.

1908 ஜனவரியில் காந்தியடிகளும் தம்பி நாயுடுவும் வேறு பலரும் சிறையிலிடப்பட்டனர். அம்மாதம் 28ஆம் திகதி சிறையிலிருந்தே அமைச்சர் சமட்சுக்குச் சென்ற சமாதானக் கடிதத்தில் காந்தியடிகளோடும் சீனர் சங்கத் தலைவரோடும் தம்பி நாயுடுவும் ஒப்பமிட்டார். மக்கள் தாமாக முன்வந்து பதிவு செய்தால் அரசு சட்டத்தை நீக்கும் என்பதே உடன்பாடு என இந்தியர் விளங்கிக்கொண்டனர்.

இவ்விடத்திலேயே சிக்கல் எழுந்தது. நேற்று வரை இழிவு எனப்பட்ட விரல் அடையாளம் இன்று எவ்வாறு தகும் எனப் பட்டாணியர் சிலர் சினந்தனர். வற்புறுத்தலுக்குப் பணிந்து கொடுப்பது இழிவு, தன் விருப்பாற் கொடுப்பது பெருந்தன்மை என்பது காந்தியடிகளின் விடை. 1908 பெப்ரவரி 10ஆம் திகதி பதிவு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் மீர் ஆலம் என்பவரும் கூட்டாளிகளும் காந்தியடிகளை அடித்து வீழ்த்தினர். உடன்சென்ற தம்பி நாயுடு அடிகளைத் தாங்கித் தடுத்தார், தாமும் காயமுற்றார். திருப்பி அடித்தாரல்லர்.

அரசோ சட்டத்தை நீக்கவில்லை. விருப்பாற் கொடுத்தது வஞ்சனையாற் பெற்றதாக மாறியது. 1908 ஓகஸ்ட் 16ஆம் திகதி ஹமீதியா பள்ளிவாசல் முன்றலில் 2,000க்கு மேற்பட்ட பத்திரங்கள் பெருங்கொப்பரையில் இடப்பட்டு எரியூட்டப்பட்டன. நம்பிக் கொடுத்ததை மீளப் பெறும் உரிமையை மக்கள் அந்நெருப்பில் நிலைநாட்டினர்.

அதன் பின்னர் நெடிய சிறைவாழ்வு தொடங்கியது. தம்பி நாயுடு மட்டும் 14 தடவை சிறை சென்றார் என்பர். செல்வர் பலர் சோர்ந்து ஒதுங்கியபோதும் தமிழர் தளரவில்லை. சாமி நாகப்பன் என்னும் இளைஞர் சிறையில் நோயுற்று வெளிவந்து 1909 ஜூலையில் உயிர்நீத்தார். நாடுகடத்தப்பட்ட நாராயணசாமி கரையிறங்க இடமின்றி அலைந்து 1910இல் இறந்தார். அவ்வாண்டில் போராளிக் குடும்பங்களுக்கென டால்ஸ்டாய் பண்ணை அமைக்கப்பட்டபோது, அதன் துப்புரவுப் பணியும் சந்தைப் பணியும் தம்பி நாயுடுவின் பொறுப்பாயின.

1913இல் போராட்டம் நேட்டால் சுரங்கங்களை எட்டியது. ஒப்பந்தம் முடிந்தும் தங்கியிருந்த தொழிலாளர்மீது சுமத்தப்பட்ட மூன்று பவுண் தலைவரி, அவர்களை மீண்டும் முதலாளியிடமே தள்ளும் பொறியாக இருந்தது. தம்பி நாயுடு டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட 11 பெண்களோடு நியூகாசில் சென்று, நிலக்கரித் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்தார். அப்பெண்களில் ஒருவர் அவருடைய மனைவியார். சுரங்க முதலாளிமார் குடியிருப்புகளில் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தினர். அரசோ அச்சுரங்க வளவுகளையே சிறைச்சாலையாக அறிவித்து, நிறுவன ஊழியரையே சிறைக்காவலராக நியமித்தது. எது நிறுவனம், எது அரசு என்று பிரித்தறிய முடியாத நிலை அது. பெண்கள் மூன்று மாதக் கடுங்காவல் ஏற்றனர். பின்னர் சிறை புகுந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பெப்ரவரியில் தம் 16ஆம் வயதில் மறைந்தார்.

1914இல் தலைவரி ஒழிந்தது; இந்தியத் திருமணங்கள் ஏற்கப்பட்டன. பதிவுமுறை முற்றாக ஒழியவில்லை. ஆபிரிக்க மக்கள் சுமந்த அனுமதிச்சீட்டை அப்போராட்டம் கருத்திற் கொள்ளவுமில்லை. 1950களில் அது இன்னுங் கொடியதாகப் பெருகியது. இவை மறைக்கத்தக்கனவல்ல. தம்பி நாயுடு தம் புதல்வர் நால்வரைக் காந்தியடிகளிடம் ஒப்புவித்து இந்தியாவுக்கு அனுப்பினார். ஜோகான்னஸ்பேர்க் தமிழர் சங்கத்திற்கும் டிரான்ஸ்வால் இந்தியருக்கும் தொண்டாற்றி 1933இல் காலமானார். குறை நின்ற பணியை அவர் குடும்பம் தொடர்ந்தது. பேரர் இந்திரேஸ் நாயுடு 1963இற் சிறைப்பட்டு, பத்தாண்டுத் தண்டனையை ரொபன் தீவிற் கழித்தார்.

முசஃபாவில் வரிசையில் நிற்பவரால் விரலை மறுக்க இயலாது. அங்கு வேலைநிறுத்தத்திற்கும் தொழிற்சங்கத்திற்கும் இடமில்லை. ஊரிற் கடன் காத்திருக்கின்றது. அவரை வீரராகுமாறு ஏவுவது நம் வேலையன்று. ஆனால் கேட்கும் உரிமை பெற்ற நாடுகளில் வாழ்கின்ற நாம் கேட்கின்றோமா? ஐரோப்பாவில் புகலிடம் கோருவோரின் விரல் அடையாளங்கள் 2003 முதல் ஒரே பொதுத் தரவுத்தளத்திற் சேர்க்கப்பட்டு வருகின்றன. தம்மைப் பற்றிய பதிவு எது, எதற்காக வைக்கப்பட்டுள்ளது என்று அறியவும், பிழையைத் திருத்தக் கோரவும் அங்கு சட்டம் இடந்தருகின்றது. பெயரும் பிறந்த திகதியும் பிழையாகப் பதியப்பட்டுப் பல்லாண்டு அல்லலுறும் நம்மவர் பலர், இவ்வுரிமையை அறியாமலே காலங்கழிக்கின்றனர்.

பள்ளி செல்லாத தம்பி நாயுடு அந்த அலுவலக வாயிலிற் செய்தது, சட்டத்தின் பொருளை வருவோருக்கெல்லாம் எடுத்துச் சொன்னதே. கருவிகளை அறிந்தோரும் மொழிகளை அறிந்தோரும் அச்சிறு பணியையேனும் தம் அயலவர்க்குச் செய்வது, அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.