பூனைக்கும் இரங்கிய புரட்சிப் பெண்மணி

அராஜகம் என்றவுடன் குழப்பமும் கொள்ளையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஒருவரை ஒருவர் அடக்கி ஆளாமலே மனிதர் கூடி வாழலாம் என்பதே அதன் மூலக்கொள்கை. அக்கொள்கையைத் தம் வாழ்வாகவே கொண்டவர் பிரெஞ்சு நாட்டு லூயிஸ் மிஷேல் அம்மையார்.

1830-இல் வ்ரோன்கூர் என்னும் சிற்றூரில், மாளிகைப் பணிப்பெண் ஒருத்தியின் மகளாகப் பிறந்தார். அப்பக்கத்துக் குடியானவர்கள் தவளைகளை இரண்டாக வெட்டி, முன்பாதியை வெயிலில் துடிக்க விட்டுவிடுவார்கள். வலியவர்மீது தமக்கு எழுந்த சினத்திற்கு இத்தகைய கொடுமைகளே வேர் என்று அம்மையார் பிற்காலத்தில் எழுதினார். ஆசிரியையாகத் தேறியபின், மூன்றாம் நெப்போலியனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்துத் தனிப்பள்ளி நடத்தினார்.

1871-இல் பாரிஸ் மக்கள் கம்யூன் அமைத்துத் தம் நகரைத் தாமே ஆளத் துணிந்தபோது, அவரும் துப்பாக்கி ஏந்தினார். நெய்யித் தடுப்பரணில் ஒருநாள், குண்டுகள் விழும் மூலையில் பூனையொன்று அலறக்கேட்டு அதைக் காக்க ஓடினார். மனிதர் மடியும்போது பூனைக்கு இரக்கமா என்று குறைகூறினர் சிலர். இரக்கத்தைப் பங்குபோட அவருக்குத் தெரியவில்லை.

கம்யூன் வீழ்ந்தது. தாயாரைச் சிறைபிடித்தார்கள் என்றறிந்து தாமே சென்று சரணடைந்தார். வழக்குமன்றத்தில் மரண தண்டனையே கேட்டார். நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தினார்கள். 1873-இல் நான்கு மாதக் கப்பற் பயணம். கம்யூன் ஏன் தோற்றது என்று அப்போது ஆராய்ந்தார். நல்லவர் கையில் இருந்தாலும் அதிகாரம் நல்லது செய்யாது என்னும் முடிவுக்கு வந்தார்.

அதிகாரத்தைக் கைப்பற்ற மறுக்கும் இயக்கம் எதைச் சாதிக்கும் என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அத்தீவின் கனாக் மக்கள் 1878-இல் கிளர்ந்தெழுந்தார்கள். பாரிஸில் விடுதலைக்குப் போராடிய கைதிகளிலே பலர் அன்று அரசின் பக்கம் சாய்ந்தனர். அம்மையாரோ கனாக்குகள் பக்கம் நின்றார். அவர்களுக்குக் கல்வியும் புகட்டினார். ஆட்சி யார் கையில் என்பதை மட்டுமே பார்ப்பவர்க்கு, அடங்கிக் கிடப்பவன் கண்ணில் படுவதில்லை. அரசை வெல்லாவிட்டாலும் இந்தக் கண்ணைத் தருவதே அக்கொள்கையின் சிறப்பு.

பொதுமன்னிப்புப் பெற்று 1880-இல் திரும்பியபோது, தாம் வளர்த்த பூனைகளையும் உடன் கொணர்ந்தார். 1883-இல் கருங்கொடி ஏந்தி, வேலையற்றோருடன் ஊர்வலம் சென்று மீண்டும் சிறை புகுந்தார். 1888-இல் லெ ஆவ்ர் நகர்க் கூட்டமொன்றில் ஒருவன் அவர் தலையில் சுட்டான். பிழைத்தெழுந்த அம்மையார், அவனைத் தண்டிக்கக்கூடாதென்று அவனுக்காகவே பரிந்து பேசினார்.

1905-இல் மார்செயில் காலமானார். அவர் கனவுகண்ட சமுதாயம் வரவில்லை. ஆயினும் பூனைக்கும், கனாக்குக்கும், தம்மைச் சுட்டவனுக்கும் அவர் வைத்த நீதி ஒன்றே. நமக்கு அது இயலுமா?