படிக்காத பஹிணாபாய் பாடிய பாட்டு

அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் இன்று மின்சார ரயில் ஷெட்டும் வீடுகளுமாக இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்த பூமி. நாற்று நட்ட பெண்கள் குனிந்த தலை நிமிராமல் பாடிய பாட்டுகள் எத்தனையோ! அவற்றில் ஏட்டில் ஏறியவை மிகச் சில. மற்றவை பாடியவர்களோடு போய்விட்டன.

மராட்டிய நாட்டில் பஹிணாபாய் சௌத்ரி என்ற குடியானவப் பெண் பாடிய பாட்டுகளும் அப்படித்தான் போயிருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் காப்பாற்றியது.

ஜல்காம் நகருக்கு அருகில் உள்ள அசோதா கிராமத்தில் 1880-ம் ஆண்டு பஹிணாபாய் பிறந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. 13-வது வயதில் ஜல்காமைச் சேர்ந்த நாதுஜி சௌத்ரிக்கு வாழ்க்கைப்பட்டார்.

அது பருத்தியும் சோளமும் விளையும் கரிசல் மண். குடியானவர் வீட்டில் பொழுது விடியுமுன் திருகை சுழல வேண்டும். மாவு திரித்து, ரொட்டி சுட்டு, பிறகு வயலுக்குப் போக வேண்டும். பஹிணாபாய்க்குக் கை வேலை செய்யும், வாய் பாடும்.

30-வது வயதில் கணவர் இறந்தார். ஒரு மகள், இரண்டு மகன்கள். மூத்த மகன் ஓங்காரைப் பிளேக் நோய் முடமாக்கிவிட்டது. விதவை என்றால் மூலையில் உட்கார வேண்டிய காலம் அது. நிலமும் குழந்தைகளும் உட்கார விடுமா?

அந்தத் துயரத்தையும் பாடினார். அடுப்பு, திருகை, விதைப்பு, அறுவடை, பிறந்த வீடு, எல்லாம் பாட்டாயின. மரத்தில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டைக் கண்டு வியந்து பாடினார். எதிர்காலம் சொல்ல வரும் ஜோசியரைத் தம் வாசலுக்கே வர வேண்டாம் என்று சொல்லும் பாட்டும் உண்டு. கைம்பெண்ணாகி நின்றவர் அப்படிப் பாட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இளைய மகன் சோபான்தேவ் படித்தார். மராத்தியில் பெயர் பெற்ற கவிஞரானார். அவரும் உறவினர் ஒருவரும் அம்மா பாடப் பாட நோட்டில் எழுதி வைத்தார்கள்.

1951-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி பஹிணாபாய் காலமானார். அதன் பிறகு சோபான்தேவ் அந்த நோட்டை ஆசார்ய ஆத்ரேயிடம் காட்டினார். ஆத்ரே பெரிய எழுத்தாளர், பத்திரிகாசிரியர். அவரிடமும் தயங்கித் தயங்கித்தான் எடுத்துக் காட்டினாராம். படிப்பில்லாத தாயின் பட்டிக்காட்டுப் பாட்டல்லவா! படித்துப் பார்த்த ஆத்ரே, இது சொக்கத் தங்கம் என்று பூரித்துப்போனார். இதை உலகத்துக்குக் காட்டாமல் வைத்திருப்பது குற்றம் என்று கடிந்துகொண்டார். அவரே முன்னுரையும் எழுதினார். 1952-ல் புத்தகம் வெளிவந்தது.

அதை அச்சில் பார்க்கப் பஹிணாபாய் இல்லை. இருந்திருந்தாலும் யாராவது படித்துக் காட்டத்தான் வேண்டும்.

1961-ல் 'மானினி' என்ற மராத்திப் படத்தில் அவர் பாட்டு ஒலித்தது. ஜல்காமில் உள்ள வட மகாராஷ்டிரப் பல்கலைக்கழகத்துக்கு 2018-ல் அவர் பெயரையே சூட்டினார்கள்.