ஹிஜ்ரத்தும் பொறுமையும்: மௌலானா ஆஸாத் வாழ்க்கை தரும் பாடம்

ஹிஜ்ரத் என்ற சொல்லைக் கேட்டதும் நம் உள்ளம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு மதீனா சென்ற பயணத்தை நினைக்கிறது. அது உயிருக்கு அஞ்சி ஓடிய ஓட்டமன்று; அல்லாஹ்வின் கட்டளைப்படி தீனுக்காகச் சென்ற பயணம். நிய்யத்தைப் பற்றிய பிரசித்தி பெற்ற ஹதீஸும் ஹிஜ்ரத்தையே உதாரணமாகக் காட்டுகிறது என்பதை மதரஸாவில் ஓதும் பிள்ளைகளும் அறிவார்கள். செல்பவரின் எண்ணத்தைப் பொறுத்து ஒரே பயணம் இபாதத்தாகவும் ஆகலாம், வெறும் இடமாற்றமாகவும் போகலாம்.

1947-ல் இந்தியா இரண்டாகப் பிரிந்தபோது இலட்சக்கணக்கான முஸ்லிம்களின் எதிரே இந்தக் கேள்வி வந்து நின்றது. போவதா, இருப்பதா? அந்த நேரத்தில் டில்லி ஜும்ஆ மஸ்ஜிதில் நின்று அதற்குப் பதில் கூறியவர்கள் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்கள். அவர்களுடைய வாழ்க்கையை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

பிறப்பும் கல்வியும்

மௌலானா அவர்கள் 1888 நவம்பர் 11-ல் புனித மக்காவில் பிறந்தார்கள். பெற்றோர் இட்ட பெயர் முஹ்யித்தீன் அஹ்மத். தந்தை மௌலானா கைருத்தீன் அவர்கள் டில்லியின் ஆலிம்கள் குடும்பத்தவர். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒட்டிய காலத்தில் மக்கா சென்று குடியேறியவர். தாயார் அரபுப் பெண்மணி. பின்னர் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்தது. அங்கே தந்தையாருக்கு ஏராளமான முரீதுகள் இருந்தனர். அந்தக் கத்தியில் அமர்ந்து வாழ்ந்திருந்தால் மகனுக்கும் எந்தக் குறையும் இருந்திருக்காது. ஆனால் வீட்டிலேயே ஓதி, இளவயதிலேயே மதரஸாப் பாடங்களை முடித்த அவர்கள், கேட்டதை அப்படியே ஏற்காமல் தாமே ஆராய்ந்து தெளியும் வழியைத் தேர்ந்தார்கள். விடுதலை பெற்றவன் என்று பொருள்படும் ஆஸாத் என்னும் புனைபெயரைச் சூடிக்கொண்டார்கள்.

1912-ல் அல்ஹிலால் என்னும் உருது வார இதழைத் தொடங்கினார்கள். குர்ஆனின் பக்கம் அழைத்த அந்த இதழ் அந்நிய ஆட்சியை எதிர்க்கவும் தூண்டியது. அரசாங்கம் கடுமையான ஜாமீன் கேட்டு அதை நிறுத்தியது. 1916-ல் மௌலானா அவர்கள் வங்காளத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, ராஞ்சியில் 1919 முடியும் வரை வைக்கப்பட்டார்கள்.

1920-ஆம் ஆண்டின் அனுபவம்

விடுதலையாகி வந்தபோது கிலாபத் இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அந்நிய ஆட்சியில் வாழ்வதைவிட முஸ்லிம் நாட்டுக்கு ஹிஜ்ரத் செய்வதே மேல் என்ற குரல் எழுந்தது. மௌலானா அவர்களும் அதை ஆதரித்து ஃபத்வா வெளியிட்டார்கள். பல்லாயிரம் முஸ்லிம்கள் நிலபுலன்களை வந்த விலைக்கு விற்றுவிட்டு, பெண்டு பிள்ளைகளுடன் ஆப்கானிஸ்தானுக்குப் புறப்பட்டார்கள். முதலில் வரவேற்ற அந்நாட்டு அரசு, கூட்டம் பெருகவே ஆகஸ்டு மாதத்தில் வருகையை நிறுத்தியது. திரும்பியவர்களுக்கு ஊரில் வீடும் இல்லை, நிலமும் இல்லை. வழியிலேயே மாண்டவர்கள் பலர்.

இதை மறைத்து நாம் மௌலானாவின் சரித்திரத்தை எழுத முடியாது. பெரியவர்களிடமும் தவறு நேரும். அதிலிருந்து அவர்கள் பெறும் படிப்பினைதான் நமக்குப் பாடம்.

பிரிவினைக்கு இட்டுச் சென்ற கருத்து வேற்றுமை

1923-ல், முப்பத்து நான்கு வயதில், காங்கிரஸ் சிறப்பு மாநாட்டுக்குத் தலைமை வகித்த அவர்கள் 1940 முதல் 1946 வரை அக்கட்சியின் தலைவராக இருந்தார்கள். அந்த ஆறு ஆண்டுகளில்தான் இந்து முஸ்லிம் அரசியல் வேற்றுமை முற்றியது. எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் ஆளும்போது நம் கதி என்ன என்ற அச்சம் முஸ்லிம்களிடையே இருந்தது. 1937-ல் ஐக்கிய மாகாணத்தில் காங்கிரஸும் லீகும் சேர்ந்து மந்திரிசபை அமைக்க நடந்த பேச்சு முறிந்தது அந்த அச்சத்தை வளர்த்தது. 1940 மார்ச்சில் ராம்கரில் மௌலானா அவர்கள் ஒன்றுபட்ட இந்தியாவை வலியுறுத்தினார்கள். அதே மாதத்தில் லாகூரில் முஸ்லிம் லீக் தனி நாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

சமுதாயத்தில் பெரும்பாலோர் லீகின் பக்கம் நின்றனர். 1945-46 தேர்தலில் மத்திய சட்டசபையின் முஸ்லிம் இடங்கள் முப்பதையும் லீகே வென்றது. மௌலானா அவர்களைக் காங்கிரஸின் காட்சிப் பொம்மை என்று ஏசினார்கள். அலிகார் ரயில் நிலையத்தில் மாணவர்கள் சிலர் அவர்களை அவமதித்தனர். அவர்கள் பதிலுக்கு ஏசவில்லை. பிற்காலத்தில் கல்வி மந்திரியானபோது அந்த அலிகார் பல்கலைக் கழகத்துக்குத் துணையாகவே நின்றார்கள்.

1942 ஆகஸ்டில் கைதாகி அஹ்மத் நகர் கோட்டையில் அடைபட்டிருந்தபோது, துணைவியார் ஜுலைகா பேகம் நோயுற்ற செய்தி வந்தது. அந்நிய அரசாங்கத்திடம் சலுகை கேட்க அவர்களுக்கு மனம் வரவில்லை. 1943 ஏப்ரலில் பேகம் அவர்கள் வஃபாத்தானார்கள். விடுதலைக்குப் பிறகு கல்கத்தாவில் மனைவியின் கப்ரைத்தான் அவர்களால் பார்க்க முடிந்தது.

1946-ல் பிரிட்டிஷ் மந்திரிசபைத் தூதுக்குழு ஒரு திட்டம் தந்தது. பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, போக்குவரத்து ஆகியவை மட்டும் மத்திய அரசுக்கு, மற்றவை மாகாணங்களுக்கு, மாகாணங்கள் மூன்று தொகுதிகளாகச் சேரலாம். இரு தரப்பின் அச்சத்துக்கும் இதுவே மருந்து என்று மௌலானா அவர்கள் நம்பினார்கள். லீக் ஏற்றது, காங்கிரஸும் ஏற்றது. ஆனால் ஜூலையில் காங்கிரஸின் புதிய தலைவர் நேரு, தாங்கள் எதற்கும் கட்டுப்படவில்லை என்ற கருத்தில் பேசியதும் லீக் தன் சம்மதத்தை வாபஸ் பெற்றது. ஆகஸ்டு 16-ல் கல்கத்தாவில் தொடங்கிய கலவரத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தலைமைப் பதவியைத் தாம் விட்டுக்கொடுத்தது பெரும் தவறு என்று மௌலானா அவர்கள் தம் நூலில் தம்மையே குற்றம் சாட்டிக்கொண்டார்கள். பிறரைக் கணக்குக் கேட்கும் முன் தன்னைக் கணக்குக் கேட்பது மூமினின் பண்பல்லவா?

ஜும்ஆ மஸ்ஜிதில்

1947 ஜூனில் காங்கிரஸ் பிரிவினையை ஏற்றது. மௌலானாவின் விருப்பம் நிறைவேறவில்லை. இரு பக்கமும் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வீடு இழந்து நடந்தனர். டில்லியில் முஸ்லிம்கள் பழைய கோட்டையிலும் ஹுமாயூன் சமாதியிலும் அகதிகளாய்க் குவிந்தனர். அக்டோபரில் மௌலானா அவர்கள் ஜும்ஆ மஸ்ஜிதில் பேசினார்கள். தம் எச்சரிக்கையைக் கேளாத வருத்தத்தை மறைக்கவில்லை. ஆயினும் கைவிடவும் இல்லை. அச்சத்தை விடுங்கள், இந்த மண் உங்களுடையது என்று தேற்றினார்கள். ஹிஜ்ரத் என்று பெயர் சூட்டப்பட்ட இந்த ஓட்டத்தை நிதானமாக எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். 1920-ல் ஹிஜ்ரத்துக்கு ஃபத்வா கொடுத்த அதே நாவு! கட்டிய மூட்டையைப் பலர் அவிழ்த்ததாகச் சொல்லப்படுகிறது. எல்லாரும் தங்கவில்லை என்பதும் உண்மை. 1941-ல் டில்லி மக்களில் மூன்றில் ஒரு பங்காக இருந்த முஸ்லிம்கள், 1951-ல் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேரே.

1958 பிப்ரவரி 22-ல் மௌலானா அவர்கள் வஃபாத்தாகி, அந்த மஸ்ஜிதுக்கும் செங்கோட்டைக்கும் இடையே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். இறுதிவரை கல்வி மந்திரியாகப் பணியாற்றினார்கள். தர்ஜுமானுல் குர்ஆன் முழுமை பெறாவிட்டாலும், ஸூரத்துல் ஃபாத்திஹாவுக்கு அவர்கள் எழுதிய விளக்கம் இன்றும் ஓதப்படுகிறது.

சகோதரர்களே! அரசியலில் அவர்களோடு நாம் உடன்படலாம், மாறுபடலாம். நம் பெரியவர்களில் பலர் மாறுபட்டே நின்றார்கள். ஆனால் சோதனை வரும்போது, நம்மை நடத்துவது ஈமானா, பயமா என்று நிய்யத்தைச் சோதித்துப் பார்க்கும் கடமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. போவதும் இருப்பதும் அல்லாஹ்வுக்காகவே ஆகட்டும். அவன் மௌலானா அவர்களின் பிழைகளைப் பொறுத்து, கப்ரை ஒளிமயமாக்கி வைப்பானாக! நமக்கும் பொறுமையைத் தந்தருள்வானாக! ஆமீன்.