பிஞ்சுக் கரங்களுக்குப் பணி தந்த மொன்ரிசோரி அம்மையார்

மரியா மொன்ரிசோரி 1870 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 ஆம் திகதி இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். வைத்தியம் கற்கும் பெண்கள் அரிதாயிருந்த அக்காலத்தில், 1896 இல் ரோம் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றியோர் எனப் புறக்கணிக்கப்பட்ட சிறார்களிடையே பணியாற்றுகையில், கைகள் தொழிற்படும்போது அறிவும் விழிப்படைகிறது என்பதைக் கண்டுகொண்டார்.

1907 ஜனவரி 6 ஆம் திகதி, ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவரது முதலாவது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த சுமார் 50 பிள்ளைகள் அங்கு சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கென அம்மையார் எளிய சாதனங்களை உருவாக்கினார். மரச்சட்டமொன்றில் இரு துணித்துண்டுகளைப் பொருத்தி, ஒன்றில் பொத்தானும் மற்றதில் துளையும் அமைத்தார். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க, மறு கை பொத்தானைத் துளையினூடே செலுத்த வேண்டும். நாடா முடிவதற்கும் அவ்வாறே சட்டங்கள் இருந்தன. குமிழ் வைத்த உருளைகளை மூன்று விரல்களால் தூக்கி உரிய குழிகளில் இட்ட பிள்ளைகள், தம்மை அறியாமலே எழுதுகோல் பிடிக்கவும் பழகினர். விளையாட்டுப் பொம்மைகளையும் ஒதுக்கிவிட்டு இவற்றையே அவர்கள் மீண்டும் மீண்டும் நாடினர்.

உலகெங்கும் புகழ் பரவிய பின்னரும் ஓரிடத்தில் நிலைத்து வாழ அவருக்குக் கிட்டவில்லை. முசோலினி ஆட்சியுடன் முரண்பட்டு 1934 இல் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். 1936 இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூளவே, பார்சிலோனாவையும் துறந்து நெதர்லாந்தை அடைந்தார். 1939 இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், பகைநாட்டவர் என்று கூறி பிரித்தானிய அரசு மரியோவைத் தடுப்பு முகாமில் அடைத்தது. அம்மையாரின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. அவரது 70 ஆவது பிறந்தநாளன்றே மகன் விடுவிக்கப்பட்டார். போர் முடியும்வரை ஐரோப்பா திரும்ப இயலாத அக்காலத்திலும் அம்மையார் சோர்ந்திருக்கவில்லை. அடையாறிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1944 இல் இலங்கைக்கும் சென்று வகுப்பு நடத்தினார். 1952 மே 6 ஆம் திகதி நெதர்லாந்தில் காலமானார்.

புகலிட வாழ்வின் காலை அவசரத்தில், பிள்ளையின் குளிரங்கிக்குப் பொத்தான் பூட்டுவதும் சப்பாத்து நாடா முடிவதும் நம் கைகளாகவே இருக்கின்றன. ஐந்து நிமிடம் முன்னதாக எழுப்பி, அப்பணியைப் பிள்ளையிடமே விட்டுப் பார்க்கலாம். மாலையில் ரொட்டிக்கு மா குழைக்கவும், கலந்த பயறையும் கடலையையும் பிரிக்கவும் அழைக்கலாம். அம்மையார் காட்டிய வழிக்குச் செலவு ஏதுமில்லை. பெற்றோரின் பொறுமை ஒன்றே போதுமானது.