தோற்கத் தெரிந்த கிங் காங்

ஹல்க்கா, சூப்பர்மேனா? தேர்வு முடிந்த அன்று ஜாலான் புசாரில் ஒரு பரோட்டாக் கடையில் நண்பர்கள் நால்வரும் ஒரு மணி நேரம் இதைப் பற்றித்தான் வாதாடினோம். கோபம் ஏற ஏற ஹல்க்கின் பலமும் ஏறும் என்பது என் கட்சி. தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம், முடிவு கிடைக்கவில்லை.

வீடு திரும்பித் தாத்தாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தம் சிறு வயதில் கேட்ட கேள்வி வேறு என்றார். கிங் காங்கா, தாரா சிங்கா?

ராட்சதக் குரங்கு வரும் படத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னதோ சிங்கப்பூரில் வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றி.

கிங் காங் என்ற பெயரில் களமிறங்கிய மல்யுத்த வீரரின் இயற்பெயர் எமில் சாயா. ஹங்கேரிய வம்சாவளியைச் சேர்ந்த அவர் பிறந்தது 1909ல். 1930களில் இந்தியாவில் பயில்வான்களுடன் மோதிப் பெயர் பெற்றார். பின்னர் சிங்கப்பூரில் குடியேறினார். அடர்ந்த தாடி, பீப்பாய் போன்ற உடல், 180 கிலோவுக்கும் மேற்பட்ட எடை.

அப்போது இங்கு வீடுகளில் தொலைக்காட்சி கிடையாது. மாலையானால் மக்கள் கேளிக்கைப் பூங்காக்களுக்குப் போவார்கள். ஜாலான் புசாரில் 1923ல் திறக்கப்பட்ட நியூ வோர்ல்டு, கிம் செங் சாலையில் கிரேட் வோர்ல்டு, கேலாங்கில் ஹேப்பி வோர்ல்டு என மூன்று இருந்தன. நாடகம், நடனத்தோடு குத்துச்சண்டையும் மல்யுத்தமும் அங்கு நடந்தன.

1928ல் பஞ்சாபில் பிறந்த தாரா சிங், 1940களின் கடைசியில் பிழைப்புத் தேடி சிங்கப்பூர் வந்தவர். ஆலையில் வேலை பார்த்தபடியே கிரேட் வோர்ல்டில் மல்யுத்தம் பழகினார். பின்னர் கிங் காங்குடன் பலமுறை மோதினார். தம்மைவிடப் பெருத்த அந்த உடலை அவர் தலைக்குமேல் தூக்கிய கதையை இந்தியாவில் இன்றும் பேசுகிறார்கள். 1962ல் வெளிவந்த கிங் காங் என்ற இந்திப் படத்தில் இருவருமே நடித்தனர். ஹல்க் முதன்முதலில் காமிக்ஸில் தோன்றியதும் அதே ஆண்டில்தான்.

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். இதைத் தாத்தாவிடம் சொல்லலாமா என்று தயங்கினேன். அவருடைய நினைவைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம். கடைசியில் சொல்லியும்விட்டேன்.

அது தம் அப்பாவுக்கே தெரியும் என்றார் தாத்தா, அமைதியாக. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என் கொள்ளுத்தாத்தா. பகலெல்லாம் வெள்ளைக்கார மேலாளருக்கு முன் தலைகுனிந்து நிற்பவர், ஒரு வெள்ளைக்காரரை இந்தியர் ஒருவர் மண்ணில் சாய்ப்பதைப் பார்க்கக் காசு சேர்த்து வைப்பாராம். அந்த ஒரு மணி நேரத்துக்கு அது உண்மையாக இருந்தால் போதும் அவருக்கு.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஹல்க், சூப்பர்மேன் கதையும் இதேதான். 1996ல் மார்வெலும் டிசியும் சேர்ந்து இருவரையும் மோதவிட்டன. வென்றது சூப்பர்மேன். அதை முடிவு செய்தது வாசகர்களின் வாக்கு, பலம் அன்று.

நாயகன் வெல்ல வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்படலாம். ஆனால், நம்பும்படி விழ ஓர் ஆள் வேண்டுமே! அந்த வேலையைத்தான் எமில் சாயா செய்தார். கூட்டம் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டது. அவர் விழுந்தபோது எங்கள் கொள்ளுத்தாத்தா போன்றவர்கள் நிமிர்ந்து வீடு திரும்பினார்கள்.

கார் விபத்தில் காயமடைந்த கிங் காங், 1970 மே மாதம் சிங்கப்பூரில் காலமானார். நியூ வோர்ல்டு 1987ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இன்று சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி நிற்கிறது. பக்கத்துப் பூங்காவில் இருக்கும் பழைய நுழைவாயிலை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், அது என்னவென்று தெரியாமலேயே.

போன வாரம் தாத்தாவை அங்கு அழைத்துப் போனேன். அடுத்த முறை பரோட்டாக் கடையில் நண்பர்களிடம் கேட்க என்னிடம் புதுக் கேள்வி இருக்கிறது: யார் ஜெயிப்பார் என்பதை விடுங்கள், யாருக்கு நன்றாகத் தோற்கத் தெரியும்?