மரத்தடிக்கு வந்த டாக்டரம்மா

ஆலங்காயம் பெரிய ஊர் அல்ல. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மலை ஜனங்கள் சாமையும் தேனும் புளியும் கொண்டுவந்து விற்பார்கள். உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு மறுபடியும் மலை ஏறுவார்கள்.

மலைமேல் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வது?

பாதை இல்லாத ஊர்களில் டோலி கட்டுவார்கள். நீளமான கழியில் போர்வையைத் தூளிபோலக் கட்டி, நோயாளியை அதில் படுக்கவைப்பார்கள். நாலு பேர் மாற்றி மாற்றித் தோள் கொடுப்பார்கள். கூலி என்று யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு இவன் வீட்டுக்கு அவன் வருவான். நாளைக்கு அவன் வீட்டுக்கு இவன் போவான். ஆலங்காயம் ஒன்றியத்தில் உள்ள நெக்னாமலையில் அண்மைக் காலத்திலும் இப்படி நோயாளிகளை இறக்கியிருக்கிறார்கள்.

சரி, டோலி ரோட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அப்புறம்? அங்கே வைத்தியம் தெரிந்த ஒருவர் காத்திருந்தால் எத்தனை உயிர் பிழைக்கும்!

அப்படி ரோட்டு ஓரத்தில் வந்து காத்திருந்தார் ஒரு பெண்மணி. ஆலங்காயத்தில் அல்ல, அதற்கு வடக்கே, வேலூரிலிருந்து குடியாத்தம் போகிற ரோட்டில். அவர் பெயர் ஐடா ஸ்கடர். வேலூர் ஜனங்களுக்கு அவர் டாக்டரம்மா.

ரொட்டி பங்கிட்ட சிறுமி

ஐடா அமெரிக்கக் குடும்பத்துப் பெண். ஆனால் பிறந்தது நம் ராணிப்பேட்டையில். 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி பிறந்தார். ஐந்து அண்ணன்மார்களுக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி.

அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ல் கப்பலேறி இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளும் இந்த நாட்டிலேயே தங்கி வேலை செய்தார்கள். ஐடாவின் தகப்பனாரும் டாக்டர்தான்.

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பெரும் பஞ்சம் பிடித்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். பசியால் வாடிய பிள்ளைகள் ஸ்கடர் வீட்டுக்கு வந்தார்கள். சிலருக்குக் கையைத் தூக்கி வாயில் வைக்கவும் பலம் இல்லை. ஆறு வயதுச் சிறுமி ஐடா ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து அவர்களுக்கு ஊட்டினாள்.

இதைக் கேட்டால், அன்றைக்கே அந்தப் பெண் சேவை செய்ய முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அப்படி இல்லை. அந்தக் காட்சிகள் அவளை இந்தியாவை விட்டு ஓடத்தான் வைத்தன. அமெரிக்காவில் படித்தாள். அங்கேயே நல்ல இடத்தில் கலியாணம் செய்துகொண்டு சுகமாக வாழ வேண்டும் என்பதே அவள் எண்ணம்.

மூன்று கதவுத் தட்டல்

1890-ம் ஆண்டு வாக்கில் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி போயிற்று. ஐடா திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்து அம்மாவைக் கவனித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்றுதான் வந்தார்.

ஒருநாள் இரவு கதவு தட்டும் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு பிராமண இளைஞர் நின்றார். அவருடைய மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள்; மருத்துவச்சிகள் கைவிட்டுவிட்டார்கள்; உடனே வரவேண்டும் என்று கெஞ்சினார். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துவருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் தம் மனைவியைப் பார்ப்பதா? அது முடியாது என்று அந்த இளைஞர் திரும்பிப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் மறுபடியும் தட்டல். இந்தத் தடவை ஒரு முஸ்லிம். அதே துன்பம். அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்து வந்தார். அவரும் அப்படியே திரும்பினார்.

ஐடாவுக்கு அன்று தூக்கம் வரவில்லை. பொழுது விடிந்தது. தெருவில் சாவு மேளம் கேட்டது. ஆளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்த மூன்று ஆண்களும் கொடியவர்கள் அல்ல. மனைவிமேல் பிரியம் இல்லாமலா நடுராத்திரியில் ஓடிவந்தார்கள்? வழக்கம் என்ற சுவர் குறுக்கே நின்றது. அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போக ஒரு பெண் டாக்டர் வேண்டும். அவ்வளவுதான்.

நான் டாக்டருக்குப் படித்து இங்கேயே வருகிறேன் என்று அன்றே பெற்றோரிடம் சொன்னார் ஐடா.

சொன்னபடியே அமெரிக்கா போய்ப் படித்தார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட அந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கிய முதல் வகுப்பில் அவரும் ஒருவர். புறப்படும் முன்பு, வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்டப் பணம் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். நியூயார்க்கில் ஷெல் என்ற பாங்கிக்காரர், காலமான தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ம் ஆண்டு தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். தகப்பனாரிடம் தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் அதே ஆண்டு மே மாதம் தகப்பனார் இறந்துபோனார். ஐடா தனியாக நின்றார்.

ஒரே ஒரு கட்டில்

வீட்டிலேயே ஓர் அறையில் வைத்தியம் தொடங்கினார். ஒரே ஒரு கட்டில். அதுதான் ஆஸ்பத்திரி! இந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று ஜனங்கள் முதலில் தயங்கினார்கள்.

நர்சு கிடையாது. கம்பவுண்டர் கிடையாது. வீட்டு வேலைக்கு இருந்த சலோமி என்ற பெண் பக்கத்தில் வந்து நின்றாள். கட்டுப் போடவும் மருந்து கொடுக்கவும் கற்றுக்கொண்டாள். ஐடாவுடன் வந்திருந்த தோழி ஆனி ஹாங்காக் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசிப் பழகினார். அதனால் அடைத்திருந்த கதவுகள் திறந்தன. ஒரு டாக்டரம்மாவின் பெயரைத்தான் உலகம் சொல்கிறது. ஆனால் சலோமிகள் இல்லாவிட்டால் அந்த ஆஸ்பத்திரி இல்லை.

இரண்டு வருடங்களில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் நடந்தது. 1902-ல் ஷெல் கொடுத்த பணத்தில் 40 கட்டில்களோடு ஆஸ்பத்திரி எழுந்தது.

ரோட்டு ஓரத்தில்

ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ஆனால் கிராமத்து ஜனங்கள் எப்படி வருவார்கள்? நடக்க முடிந்தவர் நடந்துவரலாம். வண்டி இருப்பவர் மாடு கட்டலாம். மற்றவர்கள்?

அவர்கள் வர முடியாவிட்டால் நாம் போவோம் என்று கிளம்பினார் ஐடா. 1906-ல் இந்த வேலை தொடங்கியது. முதலில் மாட்டு வண்டி. சில ஆண்டுகள் கழித்து, பெழோ என்ற பிரெஞ்சு மோட்டார் கார் வந்தது. காரைப் பார்த்த கிராமத்தார் பேய் வருகிறது என்று வயலுக்குள் ஓடினார்களாம். சில வாரத்திற்குள் அதே ஜனங்கள் அதன் சத்தம் கேட்டதும் ரோட்டுக்கு ஓடிவந்தார்கள்.

ஒவ்வொரு வாரமும் வேலூரிலிருந்து குடியாத்தத்துக்குப் பயணம். வழியில் குறிப்பிட்ட மரங்களின் அடியில் வண்டி நிற்கும். மருந்துப் பெட்டியை இறக்குவார்கள். மரநிழல்தான் வைத்தியசாலை. கண் நோய், புண், சிரங்கு, காய்ச்சல், பல் வலி — எல்லாவற்றுக்கும் அங்கேயே வைத்தியம். கட்டியைக் கீற வேண்டுமானால் அங்கேயே கீறிக் கட்டுப் போடுவார்கள். பெரிய நோய் என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டு போவார்கள்.

மரத்தடிக்கு நோயாளிகள் தாமாக வந்து குதித்துவிடவில்லை. கண் தெரியாத கிழவியைப் பேரன் கைபிடித்து அழைத்துவந்தான். நடக்கமுடியாத மாமனாரை மருமகன் முதுகில் சுமந்து வந்தான். பக்கத்து வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த பெண்களும் இருப்பார்கள். அவரவர் ஊரிலிருந்து ரோடுவரைக்கும் உறவும் அண்டை அயலும் கொண்டுவந்து சேர்த்தன. ரோட்டிலிருந்து டாக்டரம்மா கையில் ஏந்திக்கொண்டார்.

குஷ்டரோகிகளும் வந்தார்கள். அந்த நாளில் அவர்களைக் கிட்டே சேர்க்க எல்லோரும் பயப்படுவார்கள். நம் நாட்டில் மட்டும் அல்ல. கடல் கடந்த ஹவாய்த் தீவுகளில், 1866 முதல் இந்த நோயாளிகளை மொலக்காய் என்ற தீவின் ஒரு மூலையில் கொண்டுபோய் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் அங்கேயும் மனைவியோடு கணவனும், மகனோடு தாயும், நோய் இல்லாமலே கூடப்போய் வாழ்ந்தார்கள். அப்படிக் கூடப்போனவர்களை ஹவாய் மொழியில் கோகுவா என்பார்கள். உதவி என்று அர்த்தம். நம் குடியாத்தம் ரோட்டில் கட்டுப் போட வந்த குஷ்டரோகியின் கூடவும் இப்படி யாராவது ஒரு கோகுவா வந்திருக்கத்தானே வேண்டும்?

இந்த ரோட்டு வைத்தியத்தில் பழகிய ஆஸ்பத்திரிதான், பின்னாளில் குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக் காட்டியது. டாக்டர் பால் பிராண்ட் 1948-ல் அங்கே செய்த அந்த வேலையை உலகமே வந்து பார்த்தது.

மூன்று பேர்கூட வரமாட்டார்கள்!

ஒரு ஐடா எத்தனை மரத்தடியில் நிற்க முடியும்? நம் நாட்டுப் பெண்களே நர்சுகளாகவும் டாக்டர்களாகவும் ஆக வேண்டும் என்று அவர் நினைத்தார். 1909-ல் நர்சுப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பிறகு மருத்துவப் பள்ளிக்கூடத்துக்கு அனுமதி கேட்டார்.

சென்னை ராஜதானியின் மருத்துவத் துறைத் தலைவர் கர்னல் பிரைசன். அவருக்கு நம்பிக்கை இல்லை. மூன்று பெண்கள்கூட மனுப்போட மாட்டார்கள் என்றாராம். ஆறு பேர் கிடைத்தால் தொடங்குங்கள் என்று சிரித்தாராம்.

வந்த மனுக்கள் 151!

1918-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி பள்ளி திறந்தது. கட்டடம் போதாது. கருவிகள் குறைவு. முதல் வருடப் பரீட்சை வந்தது. ஆண்களிலேயே ஐந்தில் ஒருவர்தான் முதல் தடவையில் தேறுவது வழக்கம். பெண்கள் தோற்றால் மனம் தளர வேண்டாம் என்று முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவைத்தாராம் பிரைசன். வேலூர்ப் பெண்கள் பதினாலு பேரும் தேறிவிட்டார்கள். 1922-ல் அவர்கள் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள்.

படிக்கும்போதே மாணவிகளையும் ரோட்டு வைத்தியத்துக்கு அழைத்துப்போனார் ஐடா. வகுப்பில் சொல்லமுடியாத பாடம் அந்த மரத்தடியில் இருந்தது.

எழுபது வயதில் ஒரு சோதனை

எல்லாம் சுலபமாக நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1938-ல் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இனிப் பழைய சிறிய படிப்புச் செல்லாது; எம்.பி.பி.எஸ். படிப்பு இருந்தால்தான் பள்ளி நடக்கலாம். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரி, நிறைய ஆசிரியர்கள், ஏராளமான பணம் வேண்டும். இல்லாவிட்டால் மூடவேண்டியதுதான்.

எழுபது வயதில் அம்மையார் மறுபடியும் அமெரிக்கா போனார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பணம் கேட்டார். இன்னொரு யோசனையும் வந்தது. ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டால் பல சபைகள் கைகொடுக்கும் என்றார்கள். பெண்களுக்காக என்று பாடுபட்டுக் கட்டிய இடம் ஆயிற்றே! அமெரிக்காவில் பல வருடங்களாக உதவிய தோழியர் சிலர் இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டார்கள்.

ஐடாவின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆனால் அவர் சம்மதித்தார். பள்ளி சாவதைவிடக் கதவை அகலத் திறப்பது மேல் என்று எண்ணினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு அனுமதி கிடைத்தது. 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள்.

1946-ல் அவர் ஓய்வு பெற்றார். பின்னர் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணி தலைமைப் பொறுப்பை ஏற்றார். திருமணமே செய்துகொள்ளாத ஐடா அம்மையார் கோடைக்கானலில் ஒரு வீட்டில் தங்கினார். தள்ளாத வயது வரைக்கும் டென்னிஸ் ஆடினார் என்பதைக் கேட்டால் நம் வீட்டுப் பாட்டிமார் மூக்கில் விரலை வைப்பார்கள். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதிய கடிதம் ஒன்று சரியாக அவர் கைக்கு வந்து சேர்ந்ததாம். நம் தபால்காரர்களையும் பாராட்ட வேண்டும்!

1960-ம் ஆண்டு மே மாதம் கோடைக்கானலில் அவர் காலமானார். அப்போது வயது 89. மருத்துவப் பள்ளி திறந்த அதே ஆகஸ்டு 12-ந் தேதியில், 2000-ம் ஆண்டு இந்திய அரசாங்கம் அவர் படத்தோடு தபால் தலை வெளியிட்டது.

ஒரு கட்டிலில் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியை இன்று சி.எம்.சி. என்று சொன்னால் வடநாட்டுக்காரருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி எவ்வளவு பெரிதானாலும் கிராமத்துக்குப் போகிற பழக்கம் நிற்கவில்லை. அதன் டாக்டர்களும் நர்சுகளும் ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கும் போய் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். டோலி தூக்கி இறங்கியவர்கள் நடந்த அதே மலையில், மருந்துப் பெட்டியோடு அவர்கள் ஏறினார்கள்.